வாடகைச் செடிகள்

1

ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒருத்தி உண்மையைச் சொன்னாள். அதற்காக அவளை இருநூறு பிள்ளைகள் முன்னால் நிறுத்தி, "நான் பொய் சொன்னேன்" என்று சொல்ல வைத்தேன். அப்போது நான் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கத்தில் ஒரு திருச்சபைத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியர். அவள் பெயர் கோமதி. நான்காம் வகுப்பு. அவளுடைய அம்மா கஸ்தூரி அதே பள்ளியில் ஆயா.

இது நடந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என் மனைவியிடம் கடைசிவரை சொல்லவில்லை. மகளிடம் சொன்னதே போன வருடம்தான்.

மெல்பர்ன் வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்ட நண்பர் குளிரையும் டிராம் வண்டியையும் எதிர்பார்த்திருப்பார். அவர் மன்னிக்க வேண்டும். இங்கே வந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்ல, முதலில் கோமதியைச் சொல்லியாக வேண்டும்.

2

மனைவி போன பிறகு மகள் பிரிசில்லா என்னை இங்கே அழைத்துக்கொண்டாள். பேத்தி ஹன்னாவைக் காலையில் பள்ளியில் விடுவதும் மாலையில் கூட்டி வருவதும் என் வேலை. ஹன்னாவுக்கும் ஒன்பது வயது. நான் தமிழில் பேசினால் புரிந்துகொள்வாள். பதில் ஆங்கிலத்தில் வரும். "தாத்தா" என்ற ஒரு சொல்லை மட்டும் எனக்காக விட்டுவைத்திருக்கிறாள். தமிழ் எழுத்து படிக்கலாமா என்று கேட்டால் "வொய்?" என்பாள். நாற்பது வருடம் பாடம் நடத்தியவன், அந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் பதில் இருந்ததில்லை.

அவள் படிப்பதும் சபை நடத்தும் பள்ளிதான். அங்கே வாரத்தில் ஒரு பகல் முழுவதும் தோட்டத்தில். மண்புழுத் தொட்டி, மழைத் தண்ணீர்த் தொட்டி, வேலியோரம் மரக்கன்றுகள். மழை ஏன் தவறுகிறது, வெயில் ஏன் கூடுகிறது, கடவுள் படைத்ததை நாம் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதையெல்லாம் அங்கே மண்ணில் உட்கார்ந்துதான் பேசுகிறார்கள். வகுப்பாசிரியை கேத்தி, "உன் தாத்தா ஹெட்மாஸ்டராமே, தோட்டத்துக்கு உதவிக்கு வருவாரா?" என்று ஹன்னாவிடம் கேட்டுவிட்டிருந்தார்.

போவது அவ்வளவு சுலபம் இல்லை. பிள்ளைகளோடு பழக அரசு தரும் ஓர் அனுமதி அட்டை வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் சாமுவேல் என்பதற்குப் பின்னால் அப்பாவின் பெயர் தேவநேசன். அட்டை வந்தபோது அதில் அப்பாதான் பெரிதாக இருந்தார். தன் வாழ்நாளில் திருச்சியைத் தாண்டாத என் அப்பாவுக்கு, இறந்து நாற்பது வருடம் கழித்து, ஆஸ்திரேலியப் பிள்ளைகளோடு பழக அனுமதி கிடைத்தது. பிள்ளைகள் இன்றும் என்னை "மிஸ்டர் தேவநேசன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அட்டை போதாதென்று பள்ளி இன்னொரு தாளும் தந்தது. அதில் ஒரு கேள்வி: நீங்கள் எப்போதாவது ஒரு குழந்தையை உடலாலோ மனதாலோ துன்புறுத்தியதாகப் புகார் உண்டா?

புகார் இல்லை. புகார் சொல்ல வேண்டியவளின் வாயை நானே அடைத்துவிட்ட பிறகு புகார் எப்படி இருக்கும்? பேனா நின்றுவிட்டது. "ஐ ஹேவ் எ டவுட்" என்றேன் கேத்தியிடம். ஒன்று கேட்க வேண்டும் என்ற பொருளில் நாம் சொல்வது. கேத்தியின் முகம் மாறியது. தன் மேல்தான் எனக்குச் சந்தேகம் என்று நினைத்துவிட்டார். அதைச் சமாளித்து விளக்குவதற்குள், கேட்க வந்த தைரியம் போய்விட்டது. "இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்தேன்.

3

எங்கள் பள்ளியில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி உண்டு. பிள்ளைகள் அதை "கெஸ்ட் குழி" என்பார்கள். சுற்றுச்சூழல் தினம், பள்ளி ஆண்டு விழா, எதற்கு எந்த விருந்தினர் வந்தாலும் அந்தக் குழியில்தான் மரம் நடுவார். மண்ணை முன்னாலேயே கிளறிப் பதமாக வைத்திருப்போம், பெரியவர்கள் கையில் ஒட்டாமல் இருக்க. அடுத்த விருந்தினர் வருவதற்குள் போன முறை நட்டதைப் பிடுங்கிவிடுவோம். போட்டோவுக்கு வெளிச்சம் நன்றாக விழும் இடம் அது ஒன்றுதான். "ஒரே குழியில ஒன்பது மரம் வளர்க்கிற ஸ்கூல் நம்மளுதுதான் சார்" என்று ஜெமிமா டீச்சர் என் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டு சொல்வார். நானும் சிரிப்பேன்.

ஜெமிமா அப்போது மூன்றாம் வகுப்பு டீச்சர், சின்னப் பெண். பாடத்தை உண்மையாகவே நடத்தியவர். மே மாத வெயில் வருமுன் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், ஒரு கையைத் தார் ரோட்டிலும் ஒரு கையை வேப்பமர நிழல் மண்ணிலும் வைக்கச் சொல்வார். "இப்ப சொல்லுங்க, எந்தக் கை வீட்டுக்குப் போகணும்ங்குது?" தோட்டத்தைப் பண்படுத்திக் காப்பதுதான் மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை என்று ஞாயிறு பள்ளியில் நான் சொல்லிவிட்டுப் போவேன். ஜெமிமா பிள்ளைகளுக்கு அந்த வேலையைக் கொடுத்தார். நாற்பது பிள்ளைகள், நாற்பது கன்றுகள், ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர் எழுதிய அட்டை.

அந்த வருடம் தண்ணீர்ப் பஞ்சம். எல்லாத் தெருவிலும் லாரித் தண்ணீர். கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடியபோது, அக்கம்பக்கத்தார் வந்து தண்ணீர் பிடித்துவிடுவார்கள் என்று மோட்டார் அறைச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டு நாகர்கோவிலில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டேன். கன்றுகளின் நினைவே வரவில்லை. ஜூனில் திரும்பி வந்தபோது முப்பத்தேழு காய்ந்த குச்சிகள் நின்றன.

மூன்று மட்டும் பிழைத்திருந்தன. ஒன்று கோமதியுடையது. மற்ற இரண்டும் ஊருக்குப் போன அவளுடைய தோழிகளுடையவை. பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்திருந்தாளாம். அவளும் அம்மாவும் தெருக்குழாயில் பிடித்த தண்ணீரில் வீட்டுக்குப் போக மிச்சத்தைக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள். மூன்றும் முழங்கால் உயரம்.

4

அதே மாதம்தான் பசுமைப் பள்ளிக்கான கேடயத்துக்கு ஆய்வுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. விண்ணப்பித்தது நான். சுற்றிலும் புதிய ஆங்கிலப் பள்ளிகள் முளைத்துக்கொண்டிருந்தன. எங்கள் முதல் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒரு கேடயம் வாசலில் தொங்கினால் நாலு பேர் உள்ளே வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். பள்ளிக்காகத்தான் செய்தேன் என்று வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல்யாண மண்டப வாசலில் வைக்க நர்சரிகள் செடிகளை வாடகைக்குக் கொடுப்பார்கள். வண்டலூர் பக்கம் ஒரு நர்சரியில் பேசி, ஆள் உயரக் கன்றுகளாகப் பொறுக்கி முப்பத்தேழு எடுத்தேன். கருப்பு பாக்கெட்டைக் கிழித்தால் திரும்ப எடுக்கமாட்டோம் என்றார்கள். அதனால் பாக்கெட்டோடு மண்ணில் புதைத்தோம். சனிக்கிழமை காலை வண்டி வந்தது. குழி தோண்டியது கஸ்தூரி. அம்மாவோடு வந்திருந்த கோமதி தண்ணீர்த் தொட்டிக் கட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் பெயர் அட்டைகளை நானே புதிய செடிகளில் கட்டினேன்.

திங்கட்கிழமை வந்த குழுவின் தலைவி நல்ல அம்மாள். பிள்ளைகளோடு குனிந்து பேசினார். கோமதியிடம், "உன் செடி எதும்மா?" என்று கேட்டார். அவள் காட்டினாள்.

"மத்ததெல்லாம் இவ்வளவு உயரமா இருக்கு, உன்னுது ஏன் குட்டியா இருக்கு? சரியா தண்ணி ஊத்தலையா?"

கோமதிக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். "மிஸ், என்னுதுதான் நெசம். அதெல்லாம் சனிக்கெழம வண்டியில வந்துச்சு. கவரோட கீது, பாக்கறீங்களா?" என்று பக்கத்துச் செடியைப் பிடித்து இழுத்தாள். பாக்கெட்டோடு வந்தது.

"ஒன்றிரண்டு வாடிப்போச்சு, அதை மட்டும் மாத்தினோம் மேடம்" என்றேன். சிரித்தேன். "இந்தப் பிள்ளை கொஞ்சம் கதை கட்டும்."

குழுவை அலுவலகத்தில் டீ குடிக்க உட்கார வைத்துவிட்டு, கஸ்தூரியைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டேன். அவள் வேலை அப்போது தற்காலிகம். "கஸ்தூரி, உன் வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி இந்த மாசம் எழுதலாம்னு இருந்தேன். எழுதறதா வேண்டாமான்னு நீயே சொல்லு. உன் பொண்ணு எல்லார் முன்னாலயும் வந்து, பொய் சொல்லிட்டேன்னு சொல்லணும்."

அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நான் பேசிக்கிறேன் சார்" என்றாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அடி விழும் சத்தம் எனக்குக் கேட்டது.

குழு மேடையில் உட்கார்ந்திருக்க, கோமதி வந்து நின்றாள். ஜெமிமா டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் பொய் சொன்னேன்" என்றாள் கோமதி, வாய்க்குள்ளேயே. "சத்தமாச் சொல்லு. கடைசி வரிசைக்குக் கேக்கணும்" என்றேன். மறுபடியும் சொன்னாள். பொய்ச்சாட்சி கூடாது என்று மூன்றாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்ய வைக்கும் பள்ளி அது. அதன் பிறகு நானே முடிவு ஜெபம் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை வாடகைச் செடிகள் திரும்பிப் போயின. அன்று கோமதியின் கன்றிலிருந்த பெயர் அட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். யாராவது கேட்டால் கதை கிளம்புமே என்ற பயம்தான். கேடயம் வந்தது. கஸ்தூரியின் வேலை நிரந்தரமானது. கோமதி இன்னும் இரண்டு வருடம் எங்கள் பள்ளியில் படித்தாள். அந்த இரண்டு வருடமும் அவளாக ஒரு கேள்விக்கும் கை தூக்கவில்லை.

5

போன வருடம் ஹன்னாவின் வகுப்பு வேலியோரம் நட்ட இருபத்துநான்கு கன்றுகளில் ஏழு செத்துப்போயின. ஒரு வெள்ளிக்கிழமை பேராயரும் பெற்றோர்களும் தோட்டம் பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்று காலை எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். யாரும் சொல்லவில்லை. என் கை தானாகப் போய் அந்த ஏழு குச்சிகளையும் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டு, மண்ணைக் காலால் சமப்படுத்தியது. வேலியோரம் பளிச்சென்று இருந்தது. எனக்கு ஒரு திருப்தி.

பிள்ளைகள் வந்தார்கள். ஒரு பையன், "எங்க செத்துப்போன செடிங்க எங்கே?" என்று கத்தினான். ஏழு பேர் கையிலும் அட்டைகள். அவரவர் செடி ஏன் செத்தது என்று அவரவரே எழுதிய அட்டை. அதைச் செத்த செடியின் அடியில் குத்தி வைத்து, வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். ஒரு வாரமாக அதுதான் பாடம். "ஆலிவர் நட்டது. நான் விடுமுறையில் தண்ணீர் ஊற்றவில்லை." "இதை மிகவும் ஆழமாக நட்டுவிட்டேன்." "முயல் தின்றது. வலை கட்ட மறந்தேன்."

ஹன்னா என்னைப் பார்த்தாள். என் செருப்பில் ஒட்டியிருந்த ஈர மண்ணைப் பார்த்தாள். "தாத்தா, நீங்க ஒளிச்சு வெச்சீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே அவளுக்குக் காரணம் விளங்கவில்லை.

குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டு ஏழையும் தேடி எடுத்தேன். எது யாருடையது என்று பிள்ளைகளே சொன்னார்கள். செத்த செடிகளை நானும் அவர்களும் சேர்ந்து திரும்ப நட்டோம். ஒரு சிறுமி தண்ணீர்கூட ஊற்றினாள். பத்து மணிக்குப் பேராயர் வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஏழு அட்டைகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். முயல் அட்டையில் மட்டும் கொஞ்சம் சிரித்தார். "ஆழமா நடக்கூடாதுன்னு எனக்கும் தெரியாது" என்றார். யாருக்கும் மானம் போகவில்லை.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது ஹன்னாவிடம் கோமதியைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். பிறகு, "அவளிடம் சாரி சொன்னீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "ஏன்? அவ செத்துட்டாளா?" இல்லை என்றேன்.

திங்கட்கிழமை கேத்தியிடம் போய், அந்தத் தாளில் நான் பொய்யாக டிக் அடித்திருக்கிறேன் என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "இதை நான் மேலே சொல்லியாக வேண்டும், மிஸ்டர் தேவநேசன்" என்றார். இரண்டு வாரம் நான் கேட்டுக்கு வெளியே நின்றுதான் ஹன்னாவைக் கூட்டி வந்தேன். பிறகு பள்ளி முதல்வர் கூப்பிட்டு, இன்னொரு பெரியவர் கூட இருக்கும்போது மட்டும் வரலாம் என்றார். நியாயம். என் பள்ளியில் இப்படி ஒரு முறை இருந்திருந்தால் அன்றைக்கு யாராவது என் கையைப் பிடித்திருப்பார்கள். அந்த இரண்டு வாரத்துக்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

6

ஜெமிமா டீச்சர்தான் இப்போது எங்கள் பள்ளியின் தலைமையாசிரியை. போனில் விஷயத்தைச் சொன்னதும், "சார், இதெல்லாம் இப்ப எதுக்கு சார்? யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்றார். "நானும் அன்னிக்கு அங்கதான் சார் நின்னுகிட்டிருந்தேன்" என்றார் கடைசியில். கோமதியின் எண்ணைத் தேடித் தந்தது அவர்.

இந்த ஜனவரியில் தாம்பரம் போனேன். மேற்கே ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம் ஒரு டீக்கடைக்கு வரச் சொல்லியிருந்தாள் கோமதி. சிறுசேரியில் வேலை. கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப ரொம்ப உயரமா இருந்தீங்க சார்" என்றாள்.

என்ன வேலை என்று கேட்டேன்.

"டெஸ்டிங் சார். சாஃப்ட்வேர்ல எங்க தப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சு சொல்லணும். சொன்னா திட்ட மாட்டாங்க, சம்பளம் தருவாங்க" என்று சிரித்தாள்.

மன்னிப்புக் கேட்டேன். தயார் செய்துகொண்டு போனதெல்லாம் மறந்துபோய், இரண்டு வாக்கியம்தான் வந்தது. பிறகு என் திட்டத்தைச் சொன்னேன். அதே பள்ளியில், அதே மேடையில், அவளையும் பக்கத்தில் நிறுத்திப் பிள்ளைகள் முன்னால் மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.

"அய்யோ வேணாம் சார். ஒரு தடவை ஏறினதே போதும். நீங்க வேணா பேசிக்கோங்க."

டீ ஆறியது. அவள் டம்ளரைச் சுற்றிக்கொண்டே பேசினாள். "உங்க மேல பெரிய கோவம்லாம் இல்ல சார். நீங்க ஹெச்.எம். அப்படித்தான் இருப்பீங்கன்னு நினைச்சுகிட்டேன். அம்மாதான். அடிச்சதுகூட பரவால்ல. 'நீ பொய்தான்டி சொன்ன, ஒரு வண்டியும் வரல'ன்னு சொல்லிச் சொல்லி அடிச்சாங்க. ரொம்ப நாளைக்கு எனக்கே டவுட்டு சார். நெஜமாவே சனிக்கிழமை வண்டி வந்துச்சா, நானா கற்பனை பண்ணிகிட்டேனான்னு. அதுக்கப்புறம் வீட்ல அதைப் பத்தி நாங்க ஒரு வார்த்தை பேசினதில்ல. எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு பொண்ணும் இருக்கா. இன்னும் பேசல."

"நான் என்ன செய்யணும்மா?"

"அம்மாகிட்ட போங்க. நீங்கதான் சொல்ல வெச்சீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க. அவங்க அதைச் சுமந்துகிட்டிருக்காங்க சார். எனக்குத் தெரியும். என்னால கேக்க முடியல."

முடிச்சூரில் வழி கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. வயலாக நான் பார்த்த இடமெல்லாம் அடுக்குமாடி. கஸ்தூரிக்கு அறுபது தாண்டிவிட்டது. ஓய்வு பெற்று மகளோடு இருக்கிறாள். கதவைத் திறந்ததும், "இன்னா சார், இப்டி ஒல்லியா பூட்டீங்க, அந்த ஊர்ல சோறு போடலியா?" என்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காராமலே சொன்னேன். தப்பு என்னுடையது, உன் வேலையைக் காட்டிப் பயமுறுத்தியது நான், நீ செய்ததற்கும் பொறுப்பு நான்தான் என்று.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "நீங்க சொன்னீங்க, சரி. கை என்னுதுதானே சார்?" என்றாள்.

அவள் துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அந்த வேலையிலதான் அவள இஞ்சினீரிங் படிக்க வெச்சேன். அவ ஒவ்வொரு தபா பாஸ் பண்ணிகினு வரும்போதும் அந்த நாள் வந்து நிக்கும் சார். குழி தோண்டுனதே நானு. தோண்டிட்டு, வண்டியே வரலன்னு சொல்றேன் பெத்த பொண்ணாண்ட." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஸ்கூல்ல பேசப் போறீங்களாமே, ஜெமிமா டீச்சர் சொல்லிச்சு. நானும் வர்றேன்."

7

திங்கட்கிழமை காலைக் கூட்டம். ஜெமிமா டீச்சர் அந்தக் கேடயத்தைக் கழற்றி மேசை மேல் வைத்திருந்தார். 2015 வெள்ளத்தில் பள்ளிக்குள் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் வந்து, வருகைப் பதிவேடு முதல் ஆண்டு விழாப் படங்கள் வரை எல்லாம் போய்விட்டன. உயரத்தில் மாட்டியிருந்த கேடயத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். வாடகைக்குச் செடி எடுத்தேன், பாக்கெட்டோடு புதைத்தேன், உண்மை சொன்ன பிள்ளையைப் பொய் சொன்னதாகச் சொல்ல வைத்தேன், இந்தக் கேடயம் அப்படி வந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒரு தாத்தா தப்பு செய்தேன் என்று சொல்வதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு கஸ்தூரி மைக் முன்னால் வந்தாள். இருபத்தைந்து வருடம் அந்த மைக்கைத் தினமும் எடுத்து வைத்து, திரும்ப உள்ளே கொண்டுபோனவள். ஒருநாளும் அதில் பேசியதில்லை. "செடிங்கோ சனிக்கெழமதான் வந்துச்சு" என்றாள். சத்தம் அதிகமாக வந்ததில் அவளே கொஞ்சம் பின்வாங்கினாள். "வண்டியிலதான் வந்துச்சு. நாந்தான் குழி தோண்டுனேன். எம் பொண்ணு பொய் சொல்லல. அவ பேரு கோமதி."

இரண்டாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு குரல்: "அந்த அக்கா இப்ப எங்க கீறாங்க?"

"வேலைக்குப் போயிருக்கா கண்ணு. நல்லா கீறா."

ஜெமிமா டீச்சர் இதைப் போனில் படம் பிடித்துக் கோமதிக்கு அனுப்பியிருக்கிறார். மறுநாள் விமான நிலையத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது கோமதியிடமிருந்து செய்தி வந்தது. அதை அப்படியே தருகிறேன், அவளிடம் அனுமதி கேட்டுவிட்டேன்:

"பாத்தேன் சார். நீங்க பேசினதை ஒரு தடவை. அம்மா பேசினதை எத்தனை தடவைன்னு தெரியல. ராத்திரி சாப்பிடும்போது அம்மாகிட்ட கேட்டேன், அன்னிக்கு வண்டி எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு. பத்தரைன்னாங்க. எனக்கும் பத்தரைன்னுதான் சார் ஞாபகம்."

அவள் என்னை மன்னித்ததாக அதில் இல்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பத்தரை மணி எனக்குப் போதும்.

கேடயம் கொடுத்த அமைப்புக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அந்த முகவரியில் யாரும் இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது. கேடயத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சம்மதிக்கவில்லையாம். பழைய இடத்திலேயே மாட்டி, கீழே ஒரு அட்டை எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: "இது பொய் சொல்லி வாங்கியது." மெல்பர்ன் பிள்ளைகளின் ஏழு அட்டைகளைப் பற்றி நான் சொன்னதை ஜெமிமா டீச்சர் பிடித்துக்கொண்டார். கெஸ்ட் குழியை மூடியாகிவிட்டது. மாதம் ஒருமுறை பள்ளியில் எத்தனை கன்று இருக்கிறது, எது பட்டுப்போனது, ஏன் என்று பிள்ளைகளே ஒரு பட்டியல் எழுதிக் கூட்டத்தில் படிக்கிறார்கள். அதைப் படம் எடுத்து எனக்கும் அனுப்புகிறார்கள். கேத்தியின் வகுப்பு தன் பட்டியலை அவர்களுக்கு அனுப்புகிறது. இரண்டையும் மொழிபெயர்ப்பது என் வேலை.

போன மாதப் பட்டியல் வந்தபோது ஹன்னா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க படிக்க வேண்டாம், நான் படிக்கிறேன்" என்றாள், ஆங்கிலத்தில். இந்தச் சில மாதங்களாக, யார் செடியைச் சாகவிட்டார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில், என்னிடம் எழுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் தானாகப் படித்த முதல் தமிழ்ச் சொல் "ஆடு". அடுத்தது "தின்றது".

இந்த முறை அவள் மேலே, முதல் வரியிலிருந்தே ஆரம்பித்தாள். அன்று பிழைத்த மூன்று கன்றுகளில் இரண்டு வெள்ளத்தோடு போய்விட்டன. ஒன்று நிற்கிறது. பிள்ளைகள் அதன் அடியில்தான் மத்தியானச் சோறு சாப்பிடுகிறார்கள். நான் கழற்றிப் போட்ட பெயர் அட்டைக்குப் பதிலாக இப்போது அதில் புதிய அட்டை தொங்குகிறது. ஹன்னா விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தடவி, இரண்டு இடத்தில் தடுக்கி, படித்து முடித்தாள்:

"ஒன்று. புங்க மரம். வைத்தவர் கோமதி அக்கா. உயிரோடு இருக்கிறது."